அவள் என்ன பேசினாள் என்று எழுதவில்லையே

கேள்வி:

மல்லாவிப் பக்கத்தில் வயல் செய்கிறேன். மகளுக்குப் பதினாலு வயது, தரம் 9 படிக்கிறாள். மூன்று வயதிலிருந்து திக்கு. சின்னதில் கொஞ்சக் காலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிறகு வயல் வேலை, பஸ் கஷ்டம் என்று விட்டுப்போயிற்று. இந்த வருடம் பள்ளிக்கூடத்துத் தமிழ்த்தினப் போட்டியில், யாரும் சொல்லாமல், தானாகவே பேச்சுக்குப் பெயர் கொடுத்தாள். தலைப்பு ‘எங்கள் குளங்கள்’. இரண்டு மாதமாக மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் நின்று பழகினாள். மேடையில் முதல் சொல்லிலேயே அடைத்துவிட்டது. ஒரு நிமிடத்துக்குக் கிட்டச் சத்தமே வரவில்லை. பின்னுக்கு இருந்த பெடியள் சிரித்தார்கள். அவள் இறங்கவில்லை. இடையில் எத்தனையோ இடத்தில் தட்டுப்பட்டாலும் கடைசி வரி வரை பேசி முடித்தாள். இடம் கிடைக்கவில்லை. நான் கதவடியில் நின்று அழுதேன். என் வாழ்க்கையில் இப்படிப் பெருமைப்பட்டதில்லை.

நான் எடுத்த வீடியோவைக் கனடாவில் இருக்கும் அண்ணாவுக்கு அனுப்பினேன். அவர் அதைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். கோயிலிலும் மில்லிலும் கண்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். மகளுக்குத் தெரிந்த நாளிலிருந்து என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. ‘ஊரெல்லாம் சொல்லிப் பிள்ளைக்கு நாவூறு பட வைக்காதேங்கோ’ என்று மனைவியும் ஏசுகிறா. வகுப்பு ரீச்சர் அடுத்த முறை பண்ணிசைக்கு விடச் சொல்கிறா. தேவாரம் பாடும்போது மகளுக்கு ஒரு சொல்லும் தட்டுவதில்லை. அப்படியென்றால் மனம் வைத்தால் பேச்சிலும் சரிவரும்தானே? அடுத்த முறையும் அவளைப் பேச்சுக்கே விடலாமா? நான் பெருமைப்பட்டது பிழையா?

பதில்:

அன்புள்ள ஐயா,

பெருமைப்பட்டது பிழையே இல்லை. திக்கு உள்ள பிள்ளைகளோடும் அவர்களுடைய தாய் தகப்பனோடும் வேலை செய்கிறவள் நான். சபையில் பிள்ளை வாய் திறக்க முதலே தாங்கள் முந்திப் பதில் சொல்லிவிடும் பெற்றோரைத்தான் அதிகம் காண்கிறேன். பிள்ளையின் பேச்சுப் போட்டிக்கு வேலையை விட்டுப் போய், அடைத்து நின்ற அந்த நிமிடத்திலும் முகத்தைத் திருப்பாமல், கடைசி வரி வரை கேட்ட தகப்பன் நீங்கள். அது சின்ன விடயமில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் தரம் வாசித்தபோது எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. எவ்வளவு நேரம் அடைத்தது, யார் சிரித்தது, நீங்கள் எங்கே நின்று அழுதது, யார் யாருக்குச் சொன்னது எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். குளங்களைப் பற்றி அவள் என்ன பேசினாள் என்று ஒரு வரியும் இல்லை. வவுனிக்குளத்தைப் பற்றியா, முத்தையன்கட்டையா, இரணைமடுவையா, அல்லது உங்கள் ஊருக்குள் தூர்ந்துபோய்க் கிடக்கும் ஏதாவது சின்னக் குளத்தையா? குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற ஒருவரின் மகள் குளங்களைப் பற்றிப் பேச ஆசைப்பட்டு, அதை எழுதி, மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் நின்று பழகியிருக்கிறாள். அவளுக்குச் சொல்ல ஏதோ இருந்தது. மண்டபத்தில் இருந்த எல்லாருக்கும் அவள் திக்கியது நினைவிருக்கிறது, அப்பாவுக்கும் அதுதான் நினைவிருக்கிறது. அவளுடைய கோபத்தில் வீடியோவுக்கு ஒரு பங்கு இருக்கும். பெரிய பங்கு இதற்குத்தான் என்று நான் நினைக்கிறேன்.

திக்கு என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கான பதில் அதற்குள் இருக்கிறது.

பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து பேரளவில் ஏதோ ஒரு கட்டத்தில் திக்குகிறார்கள். பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் தொடங்கும். அவர்களில் நாலில் மூன்று பங்கினருக்கு அது தானாகவே விட்டுப்போகும். மிச்சப் பேருக்கு நிற்கும். வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் என்பது உலகம் முழுவதும் ஏறக்குறையப் பொருந்தும் கணக்கு. பெண் பிள்ளைகளுக்கு அது விட்டுப்போவது அதிகம் என்பதால், வளர்ந்தவர்களில் நாலு ஆண்களுக்கு ஒரு பெண்தான் திக்குகிறார். இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் மகள் தன்னைப் போல் திக்குகிற இன்னொரு பெண் பிள்ளையைத் தன் வாழ்நாளில் கண்டிருக்கவே மாட்டாள்.

எங்கள் பக்கத்தில் திக்கு என்றதும் பயந்ததால் வந்தது என்பார்கள். 2009-க்கு முன் பிறந்த பிள்ளைகளின் திக்கு முழுவதையும் ஷெல் சத்தத்தின் கணக்கிலேயே எழுதினோம். பிள்ளைப் பருவத்தில் தொடங்கும் திக்குக்குப் பயம் காரணமில்லை. பேச்சுக்கான தசைகளை எந்தக் கணத்தில் எப்படி அசைப்பது என்று மூளை ஒழுங்குபடுத்தும் முறையில் உள்ள வேறுபாடு அது. பரம்பரைக்கு அதில் பெரிய பங்கு இருக்கிறது. பாகிஸ்தானில் திக்கு அதிகமாக உள்ள குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் அதோடு தொடர்புடைய மரபணு மாற்றங்களை 2010-ல் கண்டறிந்து வெளியிட்டார்கள். உங்கள் பக்கத்திலோ மனைவியின் பக்கத்திலோ திக்கிய மாமா, சித்தப்பா, பாட்டன் என்று யாராவது இருந்தார்களா என்று விசாரித்துப் பாருங்கள். பயமும் களைப்பும் அவசரமும் ஏற்கெனவே இருக்கிற திக்கைக் கூட்டும், அவ்வளவுதான். உங்கள் மகளுக்கு யாரும் எதுவும் செய்துவிடவில்லை, அவளும் எதையும் செய்யத் தவறவில்லை.

மேடையில் அவளுக்கு வந்ததை நாங்கள் அடைப்பு என்போம். சொல் தெரியும், மனதில் தயாராக நிற்கும், தொண்டையும் நாக்கும் இறுகிச் சத்தம் வெளியே வராது. துருசுக் கதவு இறுகிப்போனால் குளத்தில் தண்ணீர் இல்லை என்று நீங்கள் சொல்வீர்களா? ஆனால் பேச்சில் அப்படித்தான் நடக்கிறது. பிள்ளை பாடமாக்கியதை மறந்துவிட்டது, தயார்ப்படுத்தாமல் வந்திருக்கிறது என்று நடுவர்கள்கூட நினைத்துவிடுவார்கள். பலம் போட்டுத் தள்ளினால் இன்னும் இறுகும். ‘மூச்சை இழு’, ‘ஆறுதலாச் சொல்லு’ என்று நாங்கள் சொல்வதெல்லாம் அவளை இன்னும் தள்ளச் சொல்வதுதான்.

இனித் தேவாரம். பாடும்போது திக்காதது உங்கள் மகளுக்கு மட்டும் உள்ளதல்ல, திக்குகிறவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் அப்படித்தான். தாளமும் பண்ணும் ஒவ்வொரு அசையும் எப்போது வர வேண்டும் என்பதை முன்கூட்டியே வகுத்துக் கொடுத்துவிடுகின்றன. சொற்களும் ஏற்கெனவே தீர்மானமானவை. காலைக் கூட்டத்தில் எல்லாரோடும் சேர்ந்து ஒன்றாகச் சொல்லும்போதும் திக்கு வராது, கவனித்துப் பாருங்கள். கதைக்கும்போது சொல்லையும் நேரத்தையும் மூளை அந்தந்தக் கணத்தில் தானே அமைக்க வேண்டும். அது வேறு வேலை. ஆகவே மனம் வைத்தால் பேச்சிலும் சரிவரும் என்ற உங்கள் கணக்கு சரியில்லை, ஐயா. அதை அவள் காதில் விழச் சொல்லியிருந்தால் இனிச் சொல்லாதீர்கள். இரண்டு மாதம் மனம் வைத்த பிள்ளைக்கு, நீ இன்னும் மனம் வைக்கவில்லை என்பது போலத்தான் அது கேட்கும்.

பெருமையை எப்படிச் சொல்வது என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை. ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்விதான் இருக்கிறது.

நல்ல மனதோடு பெற்றோர் சொல்லும் ஒரு பாராட்டு இருக்கிறது: ‘இன்றைக்கு நீ திக்கவே இல்லை, கெட்டிக்காரி.’ பதினாலு வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லாதீர்கள். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அவுஸ்திரேலியாவில் உருவான லிட்கம் என்ற சிகிச்சை முறையில், தடையில்லாமல் பேசிய தருணத்தைப் பெற்றோர் பாராட்டுவது சிகிச்சையின் ஒரு பகுதி. அதையும் சிகிச்சையாளரின் வழிகாட்டலில், அளவாகச் செய்ய வேண்டும். பதினாலு வயதில் கதை வேறு. திக்காத நாள் நல்ல நாள் என்றால் திக்கிய நாள் கெட்ட நாள் என்று பிள்ளை கணக்குப் போட்டுவிடும். அப்புறம் திக்கை ஒளிக்கத் தொடங்கும்.

ஒளிப்பது என்றால் எப்படி என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். திக்குகிற பிள்ளைகள் வராத சொல்லை விட்டு வேறு சொல்லைப் போடுவார்கள். பருப்பு வாங்கப் போய்க் கடலையோடு வருவார்கள். விடை தெரிந்தும் வகுப்பில் கை உயர்த்த மாட்டார்கள். நான் பார்த்த ஒரு பெடியன், பஸ்ஸில் ‘ஒட்டுசுட்டான்’ என்று கொண்டக்டரிடம் சொல்ல வராததால், வேறு யாராவது இறங்கும் இடத்தில் சேர்ந்து இறங்கி மிச்சத் தூரத்தை நடந்தே போவான். ஊர்ப்பெயருக்கும் சொந்தப் பெயருக்கும் மாற்றுச் சொல் கிடையாது, அதனால் அவைதான் எல்லாவற்றிலும் கடினம். வீட்டில் அவன் திக்குக் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் கதைப்பதைக் குறைத்திருந்தான்.

பிள்ளையின் பேச்சை ஒவ்வொரு நாளும் எடை போட்டுக்கொண்டிருந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்றும் உண்டு. 1939-ல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், அநாதை இல்லத்துப் பிள்ளைகள் 22 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். அவர்களில் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்த சிலரிடம், உனக்குத் திக்கு வருகிறது, பேச்சைக் கவனி என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் திக்குகிறவர்களாக மாறினார்கள் என்று காட்ட முடியவில்லை. ஆனால் வாய் திறக்கத் தயங்கினார்கள், கதைப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். அந்த ஆராய்ச்சியை நடத்திய ஐயோவா பல்கலைக்கழகம் 2001-ல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அப்படியென்றால் எதைப் பாராட்டுவது? அவள் சொன்ன விடயத்தை. அவளிடம் அந்தப் பேச்சு எழுதிய தாள் கட்டாயம் இருக்கும். ‘அதைத் தாறியா, நான் ஒருக்கா வாசிக்கப் போறன்’ என்று கேளுங்கள். இன்றைக்கே தரமாட்டாள், கோபம் ஆறட்டும். தந்தால் ஆற அமர வாசியுங்கள். உங்களுக்குத் தெரிந்த விடயம் அது. அவள் எழுதியதில் எது சரி, எது உங்களுக்குப் புதிது, எந்த இடத்தில் உங்களுக்கு வேறு அபிப்பிராயம் என்று சொல்லுங்கள். தண்ணீர் பங்கிடுவதைப் பற்றி அவள் பிழையாக எழுதியிருந்தால் அதையும் சொல்லுங்கள். பேசிய விடயத்துக்காக அப்பா தன்னோடு வாதாடினார் என்பதைவிடப் பெரிய மரியாதை ஒரு பேச்சாளருக்குக் கிடைக்காது.

அவளுடைய விடாமுயற்சியைப் பற்றி ஒன்றுமே சொல்லக் கூடாதா என்றால், சொல்லலாம். ஒருமுறை, தனியாக, சுருக்கமாக. ‘அடைச்சபோது நீ இறங்காமல் நின்றாய். நான் பார்த்துக்கொண்டு நின்றனான்.’ இது போதும். எதிரில் அழ வேண்டாம். பிள்ளைகள் தகப்பனின் கண்ணீரைப் பெருமை என்று வாசிப்பதில்லை, தன்னால் அப்பாவுக்கு வேதனை என்றே வாசிப்பார்கள். அந்த ஒரு நிமிடத்தைப் போல நிமிடங்கள் அவளுக்கு ஒவ்வொரு நாளும் வருகின்றன என்பதையும் மனதில் வைத்திருங்கள்: இடாப்புக் கூப்பிடும்போது, கடையில், தொலைபேசி அடிக்கும்போது, புது ரீச்சர் வந்து பெயர் கேட்கும்போது. மேடையில் நீங்கள் கண்டது அவளுக்குப் புதிதில்லை. நீங்கள்தான் அன்றைக்கு முதல்முறை முழுதாகக் கண்டிருக்கிறீர்கள்.

வீடியோ விடயத்தில் உங்கள் மனைவியின் பக்கம்தான் நான். நாவூற்றைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவுமில்லை. பிள்ளையைக் கேட்காமல் ஊருக்குச் சொல்லக் கூடாது என்று அவ நினைப்பது சரி. அண்ணாவிடம் சொல்லிக் குழுவிலிருந்து எடுப்பியுங்கள். இன்றைக்கே செய்யுங்கள். பிறகு மகளிடம் போய், ‘உன்னைக் கேட்காமல் அனுப்பினது என்ரை பிழை. எடுக்கச் சொல்லிப்போட்டன்’ என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்துங்கள். ‘ஆனால் பெருமையிலதானே அனுப்பினனான்’ என்று தொடங்கினால் அவள் மன்னிக்க வேண்டிய கடமைக்குள் தள்ளப்படுவாள். கனடாவிலிருந்து பெரியப்பா எடுத்து, ‘பயப்படாமல் கதை பிள்ளை’ என்று அறிவுரை சொல்லும் அழைப்புகளுக்கும் கொஞ்ச நாள் அணை போடுங்கள். அவள் என்றைக்காவது தானே அந்த வீடியோவை ஒருவருக்குக் காட்டலாம், காட்டாமலும் விடலாம்.

வகுப்பு ரீச்சர் நல்ல மனதோடுதான் சொல்கிறா. சிரிப்பிலிருந்து பிள்ளையைக் காப்பாற்ற நினைக்கிறா. மகளுக்குப் பாட விருப்பம் என்றால் பண்ணிசைக்கும் போகட்டும், தாராளமாக. பேச்சுக்குப் பதிலாகப் பாட்டு என்று மாற்றிவிடுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தட்டுப்படாமல் வந்தால் மட்டும் உன் குரல் சபைக்கு வேண்டும் என்று பிள்ளைக்கு அதன்மூலம் சொல்கிறோம். ரீச்சரைச் சந்தித்துக் கதையுங்கள். பின்னுக்கு இருந்து சிரித்த பெடியளுக்குத் திக்கு என்றால் என்னவென்று ஒரு பாடவேளையில் விளங்கப்படுத்தும்படி கேளுங்கள். மகளின் பெயரைச் சொல்லாமல், அவளைக் கேட்டுவிட்டு. கொன்னை என்று பட்டம் தெளிக்கிறவர்கள் அந்த வகுப்பில் இருந்தால் அதையும் ரீச்சர் கவனிக்க வேண்டும்.

அடுத்த முறை பேச்சுக்கு விடலாமா என்று கேட்கிறீர்கள். அதை நீங்கள் தீர்மானிக்க முடியாது, நானும் முடியாது. இந்த முறை யாரும் சொல்லாமல் பெயர் கொடுத்தாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இனி நீங்கள் தூண்டினால், முன்பு அவளுடையதாக இருந்த ஒன்று உங்களுடையதாகிவிடும். அவள் போகவில்லை என்றால் அது தோல்வியுமில்லை. ‘இவ்வளவு செய்துபோட்டு ஏன் விடுறாய்’ என்று கேட்க வேண்டாம். போகிறேன் என்று அவளே வந்து சொன்னால் இரண்டு விடயங்களை அவளுக்குச் சொல்லிவையுங்கள், செய்வதும் விடுவதும் அவள் விருப்பம். பேச்சுப் போட்டியில் நேரக் கணக்கு உண்டு, அடைப்பில் போகும் நேரத்தைக் கழித்துக்கொள்ள முடியுமா என்று ரீச்சர் மூலம் நடுவர்களிடம் முன்கூட்டியே கேட்கலாம். மற்றது, பேச்சைத் தொடங்க முதல் அவளே, ‘எனக்குத் திக்கு இருக்கிறது, சில சொற்களுக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும், பொறுத்துக் கேளுங்கள்’ என்று சபைக்குச் சொல்லிவிடலாம். வெளிப்படையாகச் சொன்ன பிறகு ஒளிக்க எதுவும் இல்லாததால் பலருக்கு அடைப்பின் இறுக்கமே குறைவதை நாங்கள் காண்கிறோம். சபையும் சிரிக்கக் கூசும்.

வீட்டில் அவள் கதைக்கும்போது முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள். நீங்கள் கதைக்கும் வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள். அவள் முடித்த பின் ஒரு கணம் விட்டுப் பதில் சொல்லுங்கள். அம்மம்மா, தம்பி, தங்கச்சி எல்லாருக்கும் இது பொருந்தும். வசம்பு, நாக்குக்கு அடியில் கல் என்று ஊரில் யாராவது சொன்னால் கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள்.

கடைசியாக, விட்டுப்போன சிகிச்சையைத் திரும்பத் தொடங்கலாம். பதினாலு வயதில் திக்கை இல்லாமல் ஆக்கித் தருவேன் என்று யாராவது சொன்னால், காசு வாங்கிக்கொண்டு சொன்னாலும் நம்ப வேண்டாம். இந்த வயதில் எங்கள் வேலை வேறு. அடைப்பு வரும்போது தள்ளாமல் இளக்கி வெளியே வரும் வழி, இறுக்கம் குறைத்துச் சொல்லைத் தொடங்கும் பழக்கம், திக்கும் என்று தெரிந்தும் கதைக்கப் பயப்படாத மனம், இவற்றில் அவளோடு சேர்ந்து வேலை செய்வோம். அவளுக்கு விருப்பம் இருந்தால் மட்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை, உங்களுக்குப் போவது பஸ் காசும் ஒரு நாள் வேலையும். கிளிநொச்சி அல்லது முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைக்கு முதலில் தொலைபேசி எடுத்து, பேச்சுச் சிகிச்சைக் கிளினிக் எந்தக் கிழமையில் என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். கேட்காமல் போய்த் திரும்பி வந்துதான் பலர் இடையில் விட்டுவிடுகிறார்கள். தன்னைப் போன்ற வேறு பிள்ளைகளை அவள் சந்திக்கவும் அங்கேதான் வாய்ப்பு உண்டு, அதையும் சிகிச்சையாளரிடம் கேளுங்கள்.

பதிவு செய்யும் இடத்தில் பெயர் கேட்பார்கள். அவளே சொல்லட்டும். நேரம் எடுத்தால் எடுக்கட்டும், பின்னால் வரிசை நின்றாலும் நீங்கள் முந்திச் சொல்லாதீர்கள்.